பந்தியும் வரிசையும்: டர்பன் தமிழர்களின் கொடைப் பழக்கம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி வாழும் தமிழர்கள் கொடுக்கத் தயங்காதவர்கள். ஆடி பிறந்தால் மாரியம்மன் கோயில்களில் கூழ் கொதிக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இலை போட்டுப் பரிமாறாத தமிழ் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தைப்பூசக் காவடிக்கும், ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோ மாரியம்மனுக்கும் வருகிற கூட்டம் வயிறு நிறையாமல் திரும்பாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் அரிசி, பருப்பு, எண்ணெய், இனிப்பு எல்லாம் அடங்கிய ஹேம்பர்கள் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று ஊர் ஊராகப் போகும்.

அதே ஊர்களுக்கு ஜனவரி தொடக்கத்தில் வந்து பாருங்கள். டிசம்பர் செலவில் கை காலியாகியிருக்கும். பிள்ளைகளுக்குச் சீருடை, நோட்டு, காலணி வாங்கியாக வேண்டும். பள்ளி இன்னும் திறக்கவில்லை என்பதால் அங்கே கிடைக்கும் மதியச் சாப்பாடும் இல்லை. வீட்டில் அரிசி தீரும் வாரம் அது. கோயில் மடப்பள்ளிகளில் பெரும்பாலும் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

மனசு இருக்கிறது, ஆள் இருக்கிறது, பாத்திரமும் இருக்கிறது. அப்படியிருந்தும் பசிக்கிற நாளில் சோறு போய்ச் சேராததற்கு இரண்டு காரணங்கள் உண்டு என்பது என் கணிப்பு. நாம் கொடுக்கும் நாட்களும் பசிக்கும் நாட்களும் வேறு வேறாக ஆகிவிட்டன. அதோடு, பந்தியில் உட்காரவைத்துப் போட்ட நாம் மெல்ல மெல்ல வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். இவை எப்படி நேர்ந்தன என்று புரிய வேண்டுமானால் இந்தப் பழக்கம் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் இறக்கியது. 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்கு வந்து சேர்ந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும். ஐந்தாண்டு ஒப்பந்தம்; தொடக்கச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங்; அரிசியும் பருப்பும் உப்பும் தோட்டத்தில் அளந்து போடுவார்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் இங்கேயே தங்க நினைத்தவர்கள் தலையில் 1895-ஆம் ஆண்டுச் சட்டம் வருடத்துக்கு மூன்று பவுன் வரியைச் சுமத்தியது. அந்த வரி நீங்க 1913 வேலைநிறுத்தமும், சிறையிலிருந்து நோயோடு வந்து 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையைப் போன்றவர்களின் தியாகமும் வேண்டியிருந்தன.

ஊரில் இருந்திருந்தால் நோய் வந்தாலும் சாவு விழுந்தாலும் பங்காளியோ மாமன் மச்சானோ வந்து நின்றிருப்பார்கள். கரும்புத் தோட்டத்தில் அப்படி யாரும் இல்லை. பக்கத்து அறையில் இருப்பவர் எந்த ஊர், என்ன சாதி என்று பார்த்துக்கொண்டிருந்தால் பிணம் அங்கேயே கிடக்கும். அவர்தான் தூக்க வேண்டும். நாளை அவருக்கு நேர்ந்தால் இவர் தூக்க வேண்டும். இங்கே உதவி பிறந்த விதம் இதுதான். கொடுப்பவர் ஒரு கூட்டம், வாங்குபவர் இன்னொரு கூட்டம் என்ற பிரிவே அப்போது கிடையாது; எல்லோரும் ஒரே அளவு ஏழை. தோட்டத்து ஓரத்தில் மண்ணும் தகரமுமாக எழுந்த கோயில்கள்தான் சோறு போடும் இடமாகவும் வழக்குத் தீர்க்கும் இடமாகவும் இருந்தன. சில இடங்களில் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கும் திண்ணையும் அதுவே.

வெளியிலிருந்து உதவிக்கு வந்தவர்களும் உண்டு. பூத் என்ற ஆங்கிலிக்க மருத்துவர் 1890களின் இறுதியில் டர்பனில் ஒரு சிறிய தரும மருத்துவமனை நடத்தினார். அதற்குப் பணம் கொடுத்து உதவியவர் டர்பன் வணிகர் பார்சி ருஸ்தம்ஜி. அங்கே காந்தி தினமும் காலையில் ஒன்று இரண்டு மணி நேரம் தொண்டு செய்தார். நோயாளி என்ன சொல்கிறார் என்று கேட்டு மருத்துவரிடம் எடுத்துச் சொல்வதும், எழுதித் தரும் மருந்தைக் கொடுப்பதும்தான் வேலை. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, வட இந்தியக் கூலிகள். அந்த வேலை தனக்கு மன அமைதி தந்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஆங்கிலேயருக்கும் டச்சு வம்சாவளிப் போயர்களுக்கும் போர் வந்தபோது 1899-இல் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அதில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். காயம்பட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் கரும்பு வெட்டிய கைக்காரர்கள்தான். வரலாற்றுப் புத்தகங்களில் தலைவரின் படம் இருக்கிறது. அவர்களுடைய பெயர்களில் பெரும்பாலானவை நமக்கு வந்து சேரவில்லை.

பெயர் வந்து சேர்ந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். 1917 அக்டோபர் கடைசியில் உம்கேனி ஆறு கரை உடைந்து ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இந்தியக் குடும்பங்களை அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கரைவலை இழுக்கும் தமிழ் மீனவர்கள் ஆறு பேர், மாரிமுத்து படவட்டான் தலைமையில், தங்கள் மீன்பிடிப் படகை அந்த வெள்ளத்தில் இறக்கினார்கள். மீண்டும் மீண்டும் போய் 170-க்கும் மேற்பட்டவர்களைக் கூரைகளிலிருந்தும் மரங்களிலிருந்தும் இறக்கிக் கரை சேர்த்தார்கள். ‘படவட்டான் அறுவர்’ என்று டர்பன் இன்றும் அவர்களை நினைவு வைத்திருக்கிறது. அவர்களிடம் இருந்தது ஒரு படகும் அதைச் செலுத்தத் தெரிந்த கையும் மட்டுமே. நேட்டால் தமிழரின் தொண்டுக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அடுத்த கட்டம் நிறுவனங்கள். அரசாங்கம் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டாது. நீங்களே கட்டினால் பாதிச் செலவு தருகிறோம் என்று சொல்லும். அதனால் சமூகம் ஒரு பவுன் திரட்டினால் அரசு ஒரு பவுன் போடும் என்ற கணக்கில் நேட்டால் முழுவதும் மானியப் பள்ளிகள் எழுந்தன. கோயில் குழுவும் மசூதிக் குழுவும் தேவாலயமும் நிலம் கொடுத்தன, சந்தைக் கடைக்காரர் செங்கல் கொடுத்தார், கூலிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து கலவை குழைத்தார். இந்திய அரசின் முதல் முகவராக 1927-இல் வந்த வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரி உயர்நிலைக் கல்விக்காக ஊர் ஊராகப் போய்ப் பணம் கேட்டார். அப்படிச் சேர்ந்த காசில் எழுந்ததுதான் 1929-இல் டர்பனில் திறந்த சாஸ்திரி கல்லூரி. திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து 1890-இல் கூலியாக வந்து, ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கி, பின்பு வாழை பயிரிட்டுப் பணக்காரரான எம். எல். சுல்தான் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றுக்காக அள்ளிக் கொடுத்தார். மதம் இனம் பார்க்காமல் கொடுத்த பணம் அது. அவர் பெயரில் நடந்த கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி.

1921-இல் ஆரிய யுவக் சபா தொடங்கிய அனாதை இல்லம் ஹிந்தி பேசும் குடும்பங்களின் முயற்சி. ஆனால் அங்கே அடைக்கலம் பெற்றவர்களில் தமிழ்த் தாத்தாக்களும் ஆயாக்களும் ஏராளம். பிற்காலத்தில் ஆரியன் பெனவலண்ட் ஹோம் என்று பெயர் பெற்ற அந்த இல்லம் நூறாண்டு கடந்தும் நடக்கிறது. 1936-இல் எடின்பரோவில் படித்துத் திரும்பிய டாக்டர் குணம், தென்னாப்பிரிக்காவின் முதல் இந்தியப் பெண் மருத்துவர், காசில்லாத தாய்மார்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே 1946 சத்தியாகிரகத்தில் சிறைக்கும் போனார். அவருக்குத் தொண்டும் அரசியலும் தனித்தனி வேலைகளாக இருந்ததில்லை.

இந்த வலை அறுந்த காலம் 1950-க்குப் பிறகு. எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று பிரித்த குழுப்பகுதிச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனரையும், நகராட்சித் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்ந்த மேகஸின் பாரக்ஸையும் காலிசெய்ய வைத்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் சாட்ஸ்வொர்த்தின் வெவ்வேறு யூனிட்களில் சிதறிப் போனார்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேட்காமலேயே தெரிந்திருந்த நிலை அத்தோடு போனது. புது யூனிட்டில் முதலில் எழுந்த பொதுக் கட்டடம் பல இடங்களில் மறுபடியும் கோயில்தான். முதலில் ஒரு கேரேஜில் பூசை, அப்புறம் ஒரு மனை, அப்புறம் கூடம். அந்தக் கூடங்களே இன்றைக்கும் நம் தொண்டின் முகவரி.

இந்தப் பழைய பழக்கம் இன்னும் முழு உயிரோடு இருக்கும் இடம் சாவு வீடு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லப்போவதற்கு அதுதான் அடிப்படை.

ஒரு வீட்டில் சாவு என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் யாரோ கோயில் கூடத்தைத் திறந்து நாற்காலிகளை ஏற்றிவிடுவார்கள். கூடாரம் வந்துவிடும். அண்டாவும் கரண்டியும் கேஸ் அடுப்பும் வாடகை இல்லாமல் வரும். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு பருப்பும் சோறும் பரங்கிக்காய்க் கறியும் கொண்டுவருவார்கள். எந்த ஆன்ட்டி காலைத் தேநீர், எந்த ஆன்ட்டி இரவுச் சாப்பாடு என்பது எழுதிவைக்காமலே முடிவாகும். தேவாரம் பாட ஒரு குழு வரும். பாடுகிறவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது, ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். ஆனாலும் பதினாறாம் நாள் வரை வந்துகொண்டேயிருப்பார்கள். இத்தனைக்கும் அந்த வீட்டாரிடம் வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர் வீட்டிலும் அதே பருப்பு, வேலையில்லாதவர் வீட்டிலும் அதே பருப்பு. வாங்கிக்கொள்ள யாரும் கூசுவதில்லை, ஏனென்றால் எல்லோர் வீட்டிலும் ஒரு நாள் இது நடக்கும்.

இந்த உதவியில் தேவைப்படுபவர் யார் என்று தனியாகப் பிரித்துக் காட்டும் கட்டமே இல்லை. திருவிழாப் பந்தியும் அப்படித்தான். பென்ஸ் காரில் வந்தவரும் முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே சாம்பாரைச் சாப்பிடுகிறார்கள். இவர் பக்திக்காகச் சாப்பிடுகிறாரா பசிக்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆடிக் கூழும் அதே மாதிரிதான். இங்கே அதை மீலிமீல் எனப்படும் மக்காச்சோள மாவில் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறார்கள். ஜூலு மக்களுக்கும் புளித்த சோளக் கஞ்சி பழகிய உணவு என்பதால், கோயில் வாசலில் நிற்கும் ஜூலு அம்மாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அவர் கேட்டு வாங்குவதற்கும் கோயில் தலைவர் வாங்குவதற்கும் பார்வைக்கு வித்தியாசம் இல்லை.

ஹேம்பர் இந்த மறைப்பை எடுத்துவிட்டது. ஹேம்பர் கொடுக்கப் பட்டியல் வேண்டும். பட்டியல் போட யாராவது போய் விசாரிக்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் எழுந்து வந்து, கையெழுத்துப் போட்டு, பையைப் பிடித்தபடி படத்துக்கு நிற்க வேண்டும். பெரிய நகரத்தில் இது ஒருவேளை பெரிய விஷயமாக இருக்காது. ஆனால் இருநூறு முந்நூறு தமிழ்க் குடும்பங்கள் உள்ள ஓர் ஊரில், பை கொடுப்பவர் வாங்குகிற அம்மாவின் அக்கா மருமகனாக இருப்பார். படம் மாலைக்குள் எல்லார் கைபேசியிலும் இருக்கும். சின்னச் சமூகத்தின் நெருக்கம் கொடுப்பதை எவ்வளவு எளிதாக்குகிறதோ அவ்வளவு கடினமாக்குகிறது வாங்குவதை. நமது கோயில் குழுக்கள் இதைப் போதுமான அளவு யோசிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கும் ஆயா அந்த வரிசைக்கு வருவதே இல்லை. மகன் வேலையை இழந்துவிட்டான், பேரன் ‘சுகர்ஸ்’ போதையில் வீட்டுப் பொருளை விற்கிறான், முதியோர் உதவித்தொகையில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள். ஆனால் இதை அவர் வெளியே சொல்லமாட்டார். ‘கௌரவமான குடும்பம்’ என்ற பெயர் அவருக்குச் சோற்றைவிடப் பெரிது. அது வறட்டு மானம் என்று யாரும் சொல்ல வேண்டாம். மூன்று பவுன் வரி கட்டிய பரம்பரையின் மானம் அது.

இனி நாட்களின் கணக்குக்கு வருவோம். இனவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு நிலைமையை மாற்றிய பெரிய விஷயம் அரசு உதவித்தொகை. அதற்கு முன்னாலும் இந்திய முதியோருக்குத் தொகை இருந்தது, வெள்ளையருக்கு ஒரு அளவு, மற்றவர்களுக்கு ஒரு அளவு என்று. இப்போது எல்லாருக்கும் ஒன்று. 60 வயதானால் முதியோர் தொகை. 1998-இல் வந்த குழந்தைத் தொகை. 2020-இல் பெருந்தொற்றின்போது 350 ராண்டில் தொடங்கி 2024-இல் 370 ராண்டாக உயர்ந்த வேலையில்லாதோர் நிவாரணம். இவை இல்லையென்றால் பட்டினிச் சாவுகள் சாதாரணமாகியிருக்கும். ஆனால் போதுமா? 2024-இல் ஒரு ஆள் மாதம் முழுவதும் வயிற்றுக்கு மட்டும் சாப்பிடத் தேவைப்படும் தொகை 796 ராண்ட் என்று அரசின் புள்ளிவிவரத் துறையே கணக்குப் போட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் குழந்தைத் தொகை 530 ராண்ட்.

இந்தத் தொகைகள் மாதத்தின் முதல் சில நாட்களில் வருகின்றன: முதலில் முதியோருக்கு, மறுநாள் ஊனமுற்றோருக்கு, அதற்கடுத்த நாள் குழந்தைகளுக்கு. அந்த வாரம் சந்தையில் கூட்டம் அலைமோதும். பத்தாம் தேதிக்குள் கடன் போய்விடும், மின்சாரக் காசு போய்விடும். இருபதாம் தேதிக்கு மேல் தேநீரும் ரொட்டியும். ஏழைக் குடும்பங்களோடு பழகும் யாருக்கும் இந்த மாத அலை தெரியும். அதன் மேல் ஆண்டு அலை ஒன்று: பள்ளிச் சத்துணவுத் திட்டம் நாடு முழுவதும் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறது, ஆனால் விடுமுறையில் நிற்கிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஒரு மாதத்துக்கும் மேல் அந்தத் தட்டு கிடையாது.

நம் கொடையின் அலையோ வேறு. ஜூலையில் ஆடி. ஜூலை 18 மண்டேலா தினம். மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வுக்காக 67 நிமிடத் தொண்டு என்று அலுவலகங்கள் எல்லாம் அன்றைக்கே சூப் கொடுக்க வரும், ஒரே இல்லத்துக்கு ஐந்து கூட்டம் வந்து நிற்கும். செப்டம்பர், அக்டோபரில் புரட்டாசி. பிறகு தீபாவளி. ஆக ஜூலையிலிருந்து நவம்பர் வரை உணவு வெள்ளம். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தைப்பூசம் வரும்வரை வறட்சி. திருவிழா நாளும் மாதத்தின் எந்த வாரத்திலும் விழலாம். உதவித்தொகை வந்த மறுநாள் வந்தால் கூழுக்கு அவ்வளவு கூட்டம் இருக்காது.

இதை மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தமிழ் வம்சாவளிக் குடும்பங்கள் பல பெந்தகோஸ்தே சபைகளுக்குப் போய்விட்டன. அதைப் பற்றிக் கோயில்களில் புலம்பல் அதிகம். ஆனால் அந்தச் சபைகள் வாரம் தவறாமல் வீடு வீடாகப் போகின்றன. நோயாளி படுக்கையருகே உட்காருகின்றன, சூப் பானையை வாரா வாரம் ஏற்றுகின்றன. திருவிழாவுக்காகக் காத்திருப்பதில்லை. ஹரே கிருஷ்ணா இயக்கம் 1985-இல் சாட்ஸ்வொர்த்தில் திறந்த ராதா ராதாநாத் கோயிலின் உணவுத் திட்டமும் ஆண்டு முழுக்க ஓடுகிறது. ராமகிருஷ்ண மையமும் மருத்துவத் தொண்டை நாள் பார்த்துச் செய்வதில்லை. இவை நடக்கும்போது நம் கிராமத்துக் கோயில் பாணியில் நடக்கும் மாரியம்மன், சுப்பிரமணியர் கோயில்களால் ஏன் முடியவில்லை?

ஒரு காரணம் காகிதம். இது அலுப்பான விஷயம், ஆனால் பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். 1997-ஆம் ஆண்டு இலாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்படி சமூகநலத் துறையில் பதிவு செய்துகொள்ளலாம். ஒவ்வோர் ஆண்டும் கணக்கும் அறிக்கையும் கொடுக்க வேண்டும். அதற்குமேல் வருமான வரித்துறையிடம் பொதுநல அமைப்பு என்று அங்கீகாரம் வாங்கலாம். கம்பெனிகள் கேட்பது இன்னொன்று: 18ஏ ரசீது. அந்த ரசீது இருந்தால் கொடுத்தவருக்கு, அவருடைய வரிக்குரிய வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக் கழிவு உண்டு. வழிபாட்டுப் பணிக்கு அந்த ரசீது கிடையாது. உணவு, முதியோர் பராமரிப்பு, கல்வி போன்ற நலப்பணிகளுக்கே உண்டு. அதனால் கோயில் ஒன்று பெரிய கடைக்காரரிடம் அரிசி கேட்கப் போனால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறது. நலப்பணிக்கென்று தனி அறக்கட்டளை, தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கும் கோயில்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவரைக் குழுவில் சேர்ப்பது ஐம்பது பேர் வெங்காயம் நறுக்க வருவதைவிட அதிகம் உதவும். வெங்காயம் நறுக்க எப்படியும் ஆள் வந்துவிடும்.

வருமா என்றால், அதிலும் கொஞ்சம் கவலை இருக்கிறது. சனிக்கிழமை அதிகாலை நாலு மணிக்கு விறகடுப்பு மூட்டுபவர்கள் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். படித்த பிள்ளைகள் ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன், அதையும் தாண்டி ஆஸ்திரேலியா என்று போகிறார்கள். இருநூறு பேருக்குப் பருப்பில் எவ்வளவு உப்பு என்பது அந்த ஆன்ட்டிகள் கையில்தான் இருக்கிறது, எங்கும் எழுதியில்லை. இளையவர்களைக் கூப்பிடுகிறோம், வந்தால் பரிமாறவும் நாற்காலி அடுக்கவும் மட்டும் விடுகிறோம், குழுக் கூட்டத்தில் பேசவிடுவதில்லை. பெண்கள் சமைக்கிறார்கள், ஆண்கள் தீர்மானிக்கிறார்கள் என்ற அமைப்பு பல கோயில்களில் அப்படியே இருக்கிறது. எந்த வாரம் எந்தத் தெருவில் கஷ்டம் என்று தெரிந்தவர்கள் அந்தப் பெண்கள்தான். செலவைத் தீர்மானிக்கும் மேசையில் அவர்கள் உட்காராதவரை நாட்காட்டி மாறாது.

இன்னொரு கேள்வியைத் தவிர்க்க முடியாது: யாருக்குக் கொடுப்பது? இந்த நாட்டில் இந்தியர் 2.7 விழுக்காடு, நம்மைச் சுற்றியிருக்கும் பெரும்பான்மை ஜூலு மக்கள். 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள், ஆப்பிரிக்கரும் இந்தியரும். 2021 ஜூலையில் கடைகள் சூறையாடப்பட்டு ரொட்டியும் பாலும் கிடைக்காமல் போன நாட்களில் நம் ஊர்களில் இரண்டும் நடந்தன. கோயில் கூடங்களில் யார் வந்தாலும் சோறு போட்டவர்கள் இருந்தார்கள். அதே நாட்களில், தெருவைக் காக்கிறோம் என்று தொடங்கிய காவல் ஃபீனிக்ஸின் சில இடங்களில் கொலையில் முடிந்தது. அங்கே 36 உயிர்கள் போயின, பெரும்பாலோர் கறுப்பின மக்கள். இதைப் பேசாமல் தொண்டைப் பற்றி மட்டும் பேசுவது சரியில்லை. தன் வேலிக்குள் இருப்பவரை மட்டும் பார்த்துக்கொள்ளும் அன்பு, நெருக்கடியில் வேலிக்கு வெளியே இருப்பவரை எதிரியாகப் பார்க்கவும் பழகிவிடுகிறது.

மறுபக்கத்திலும் மரபு உண்டு. சுவாமி சகஜானந்தா 1949-இல், அந்தக் கலவரம் நடந்த அதே ஆண்டில், தொடங்கிய தெய்வநெறிக் கழகம், அதாவது டிவைன் லைஃப் சொசைட்டி, பிற்காலத்தில் ஜூலு கிராமங்களில் பள்ளிக்கூடங்கள் கட்டிக்கொடுத்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து ஊரே மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. தண்ணீர் லாரிக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் காத்திருந்தார்கள்: பிரேக் வில்லேஜ் தமிழ்க் குடும்பமும், பக்கத்துக் குடிசைப் பகுதி ஜூலு குடும்பமும், மசூதித் தெருக் கடைக்காரரும். ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்கள் வாசலுக்கு வெளியே குழாய் நீட்டிவைத்தார்கள். வாளி வைத்திருப்பவர் யார் என்று கேட்டுக்கொண்டா இருந்தார்கள்?

ஆகவே வழி ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பந்தியைத் திருவிழாவிலிருந்து எடுத்து மாதக் கடைசிக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். மாதத்தின் கடைசி இரண்டு சனிக்கிழமைகளிலும் கோயில் கூடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. பட்டியல் கிடையாது, கையெழுத்து கிடையாது, படம் எடுப்பது கிடையாது. பூசைக்கு வந்தவர், குழுத் தலைவர், வாசலில் கார் பார்த்துக்கொள்பவர், பின்தெரு ஆயா எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். குழுத் தலைவர் அன்று கட்டாயம் சாப்பிட வேண்டும், வீட்டில் பிரியாணி இருந்தாலும். அவர் உட்கார்ந்தால்தான் ஆயா உட்காருவார். மிச்சம் இருப்பதை டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுபோவது எல்லாருக்கும் பொதுவான வழக்கமாக இருக்கட்டும். யார் எத்தனை டப்பா எடுத்தார்கள் என்று எண்ண வேண்டாம்.

செலவைப் பார்ப்போம். ஆளுக்கு 100 கிராம் அரிசி என்றால் இருநூறு பேருக்கு 20 கிலோ. பருப்பு எட்டு கிலோ, காய்கறி இருபது கிலோ, எண்ணெய், உப்பு, புளி, கேஸ். ஆண்டுக்கு 24 பந்தி என்றால் அரிசி 480 கிலோ, அதாவது 48 பத்துக் கிலோப் பைகள். ஜூலு நண்பர்களுக்குப் பிடித்த சுகர் பீன்ஸும் இடித்த சோளமும் ஒரு நாள் போடலாம், செலவு இன்னும் குறையும். நடுத்தரக் கோயில் ஒன்று புரட்டாசி ஐந்து வாரங்களில் சமைப்பதோடு ஒப்பிட்டால் இது தாங்க முடியாத அளவு அல்ல.

பணம் திரட்டவும் நமக்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. உபயப் பட்டியல். காவடி உபயம், ஆடி உபயம் என்று குடும்பங்கள் நான் நீ என்று பெயர் கொடுக்கின்றன; பல கோயில்களில் திருவிழா உபயத்துக்கு இடமே கிடைப்பதில்லை. அதோடு அப்பா அம்மா நினைவு நாளில் முதியோர் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கும் வழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. திதி திருவிழா பார்த்து வருவதில்லை. ஜனவரியிலும் வரும், பிப்ரவரி கடைசி வாரத்திலும் வரும். ஒவ்வொரு கோயிலும் தன் உறுப்பினர் வீடுகளின் நினைவு நாட்களை ஒரு தாளில் மாதவாரியாக எழுதிப் பார்க்கட்டும். எந்த மாதக் கடைசிக்கு உபயக்காரர் இருக்கிறார், எதற்கு இல்லை என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும். ஜனவரிச் சனிக்கிழமைகளிலிருந்து நிரப்பத் தொடங்கலாம்.